குப்புறப் படுக்காத ராஜா

அரச மடல் காப்பகத்துக்குள் போகிறவர்கள் முன்னோக்கி நடந்து போவார்கள். பின்னோக்கி நடந்து வெளியே வருவார்கள். ராஜாவுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது விதி. ராஜாக்கள் செத்துப் பல நூறு வருஷம் ஆகிவிட்டதே என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவர்களுடைய கையெழுத்து பெட்டிக்குள் இருக்கிறது, அது போதும். கூடத்தின் கோடியில் ஒரு படி உண்டு. பின்னோக்கி நடக்கிறவர்கள் தவறாமல் அந்தப் படியில் விழுவார்கள். அதற்காகப் படியை எடுத்துவிடவில்லை. பக்கத்தில் ஒரு முதலுதவிப் பெட்டியும் ஒரு நாற்காலியும் போட்டுவைத்தார்கள். நிர்வாகம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஐரோப்பாவை ஆண்ட ராஜாக்களும் ராணிகளும் கையெழுத்திட்ட கடிதங்களைச் சேர்ப்பதுதான் காப்பகத்தின் வேலை. சேர்ப்பதோடு சரி, படிப்பதில்லை. கடிதத்தை எழுதியது எவனோ ஒரு சம்பளக்காரக் குமாஸ்தா, அடியில் இருக்கும் கையெழுத்து மட்டும்தான் ராஜா என்பது அவர்கள் கொள்கை. அதனால் வாசகத்தின்மேல் ஒரு வெல்வெட் துணியைப் போர்த்தி, கையெழுத்தை மட்டும் வெளியே தெரிய விட்டிருந்தார்கள். தலையோடு போர்த்திக்கொண்டு காலை மட்டும் நீட்டித் தூங்குகிற ஆட்களை வரிசையாகப் படுக்கவைத்தது போல இருக்கும்.

அந்த இடத்துக்குத்தான் கண்ணாடிக்காரர் தன் மனைவியின் கடைசி வார்த்தைகளைப் படிக்க வந்தார்.

கண்ணாடிக்காரர் என்று ஊரார் அவரைக் கூப்பிடுவது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சின்னக் கடை. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள், கோடியில் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துக்கு இறங்கும் அட்டை. மனைவி அஞ்சலகத்தில் இருந்தாள். நாளெல்லாம் பிறருடைய உறைகள்மேல் முத்திரை குத்துகிறவளுக்கு, பிரித்துப் படிக்கக் கூடிய கடிதங்கள்மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. பழைய காகித வியாபாரிகள் விலை போகாது என்று ஒதுக்கிய ராஜ கடிதங்களை வாங்கிவருவாள். கையெழுத்தின் ஓரத்தை எலி கடித்திருக்கும், மை ஊறியிருக்கும். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அகராதியை மடியில் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்து, ராஜாக்களுக்குப் பட்டப்பெயர் வைப்பாள். தம்பியிடம் தேன் கேட்டு எழுதியவர் இருமல் ராஜா. தோட்டக்காரனோடு சண்டை போட்டவர் பேரிக்காய் ராணி. எல்லோரிலும் அவளுக்கு உயிரானவர் காலுறை ராஜா. ஒரு குளிர்நாட்டை ஆண்ட அந்த மனிதர் தன் மைத்துனிக்கு இப்படி எழுதியிருந்தார்: உன் அக்கா பின்னிக் கொடுத்த காலுறை ரொம்ப இறுக்கம், விரல் மரத்துப்போகிறது, ஆனாலும் தினமும் போட்டுக்கொள்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதே.

"இந்தாள் நாட்டை எப்படி ஆண்டாரோ தெரியாது. வீட்டை நல்லா ஆண்டிருக்கார்" என்பாள்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் கட்டியோடு குரலும் போனது. கிடைத்த காகிதத்தில் எல்லாம் எழுதிக் காட்டினாள். கடைசி வாரத்தில் ஒருநாள் காலுறை ராஜாவைக் கொண்டுவரச் சொல்லி, சாப்பாட்டுத் தட்டின்மேல் கவிழ்த்துவைத்து, அதன் முதுகில் பென்சிலால் எழுதினாள். டீ கிளாஸோடு அந்தப் பக்கம் போனாலே விரட்டுகிறவள், தானே ராஜாவின்மேல் எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தபோது கையால் மூடிக்கொண்டாள். அவரைக் காட்டினாள், பிறகு 'அப்புறம்' என்பதுபோல் கையை அசைத்தாள்.

அவள் போன பிறகு அந்த 'அப்புறம்' வந்தது. அவர் படிக்கவில்லை. படித்துவிட்டால் அவள் தன்னிடம் சொல்ல இனி ஒன்றுமே பாக்கி இருக்காது என்று பயந்தார். படிக்காதவரைக்கும் அவள் இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்து கடையைத் திறந்தார்.

மழையில் வீட்டுச் சுவர் ஊறியபோது மகள்தான் சொன்னாள். "அப்பா, அம்மா சேர்த்ததெல்லாம் பூசணம் பூத்துப் போயிடும். காப்பகத்துல குடுத்தா பத்திரமா இருக்கும். எப்ப வேணா போய்ப் பார்க்கலாம்னு போட்டிருக்காங்க."

அவருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. வீட்டில் இருந்தால் என்றைக்காவது கை நீண்டுவிடும். இனிப்பு சாப்பிடக் கூடாதவர் டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைப்பதுபோல் அவர் அவளுடைய கடைசி வார்த்தைகளைக் காப்பகத்தில் கொடுத்துவைத்தார். யானை வாயில் போன கரும்பைப் பற்றி அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஒருநாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவள் குரலை நினைத்துப் பார்த்தார். வரவில்லை. முகம் வந்தது, கை வந்தது, குரல் மட்டும் வரவில்லை. பயந்துபோய், கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவரை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

காப்பக வாசலில் காவலர் அவருக்கு விதிகளைச் சொன்னார். "கையைக் கட்டிக்குங்க. விரல் நீட்டாதீங்க. தும்மல் வந்தா வெளியே போய்த்தான் தும்மணும், அதுவும் பின்னாடி நடந்துதான்."

கண்ணாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு காலுறை ராஜாவின் பெட்டி முன்னால் நின்றார். 'மாட்சிமை பொருந்திய அரசரின் ராஜதந்திர மடல்' என்று அட்டை வைத்திருந்தார்கள். "இதைக் கொஞ்சம் திருப்பிக் காட்ட முடியுங்களா? பின்பக்கம் என் மனைவி எழுதியிருக்கா" என்றார்.

விழுந்தவர்களுக்காகப் போட்ட நாற்காலியில் காவலர் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தபின் நெறிமுறை அதிகாரியைக் கூப்பிட்டார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒல்லியான மனிதர். எதைக் கேட்டாலும் முதலில் கண்ணை மூடிக்கொள்வார்.

"திருப்பறதுன்னா எப்படிச் சொல்றீங்க?"

"திருப்பறதுன்னா திருப்பறதுதாங்க. மேல இருக்கற பக்கம் கீழ போகணும்."

"அதாவது, மாட்சிமை பொருந்தியவரைக் குப்புறப் போடணும்ங்கறீங்க."

"காகிதத்தைத்தாங்க."

"ஒரு அரசரோட முகத்தை மரப்பலகையில அழுத்தணும்ங்கறீங்க. அவர் மூச்சு முட்டட்டும், நான் என் சொந்த வேலையைப் பார்த்துக்கறேன்ங்கறீங்க."

கண்ணாடிக்காரர் யோசித்தார். தொழில் அவருக்குக் கை கொடுத்தது. "அப்ப ஒண்ணு செய்யலாம். அவர் மல்லாந்தபடியே இருக்கட்டும். பலகைக்குப் பதிலா வெறும் கண்ணாடி போட்டு, அடியில ஒரு முகம் பார்க்கற கண்ணாடி வெச்சா நான் குனிஞ்சு படிச்சுக்கறேன்."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "கீழேயிருந்தா? ஒரு அரசரைக் கீழேயிருந்து பார்க்கறேன்ங்கறீங்களா?" அவருடைய காது சிவந்துவிட்டது.

"ஐயா, என் மனைவி இறந்துட்டாங்க. அவங்க எழுதினது அது ஒண்ணுதான் பாக்கி."

"அரசரும்தான் இறந்துட்டார். அதுக்காக அவரை நாங்க குப்புறப் போட்டோமா?"

விஷயம் தலைமைக் காப்பாளரிடம் போனது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, ஒரு காகிதத்தைத் திருப்புவதற்கு ஒரு விசாரணைக் குழு கூடியது. நீள மேசை, ஒரு பக்கம் குழு, மறு பக்கம் கண்ணாடிக்காரர். நடுவில் வெல்வெட் தலையணைமேல் காலுறை ராஜா. அவருக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருந்தார்கள்.

தலைமைக் காப்பாளர் எழுந்து பேசினார். பேசப் பேச அவருக்கே கண் பனித்தது.

"சின்ன வயசுல இங்க வேலைக்கு வந்தவன் நான். இன்னைக்கு வரைக்கும் ஒரு கடிதத்தையும் படிச்சதில்லை. ஒரே ஒரு தடவை, சேர்ந்த புதுசுல, தவறிப்போய் ஒரு வார்த்தை கண்ணுல பட்டுடுச்சு. 'அன்புள்ள'ன்னு இருந்தது. ஆடிப்போயிட்டேன். ஒரு ராஜா, யாரோ ஒருத்தர்கிட்ட போய் அன்பா இருந்திருக்கார். இது வெளியே தெரிஞ்சா ஜனங்க ராஜாவை மதிப்பாங்களா? ராஜாவை மதிக்கலைன்னா என்னை மதிப்பாங்களா? அந்த வெல்வெட் துணி அன்னைக்கு உதிச்ச யோசனைதான். அதுக்காக எனக்குப் பதக்கம் குடுத்தாங்க. இப்ப இவர் வந்து, ரெண்டு தேசத்துக்கு நடுவுல சமாதானம் பேசின இந்த மடலைப் புரட்டச் சொல்றார்."

"சமாதானம் இல்லீங்க. காலுறையைப் பத்தினது" என்றார் கண்ணாடிக்காரர்.

"படிச்சிருக்கார்" என்று நெறிமுறை அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அது குறித்துக்கொள்ளப்பட்டது.

தலைமைக் காப்பாளர் பெருந்தன்மையோடு அதைக் கடந்து போனார். "சரி, கேள்விக்கு வருவோம். காகிதம் யாருடையது?"

"ராஜாவோடது."

"ராஜா காகிதத்துல குடிமக்கள் எழுதினா அதுக்குப் பேர் என்ன? விண்ணப்பம். விண்ணப்பம் யாருக்கு? ராஜாவுக்கு. ஆக, உங்க மனைவி எழுதினது உங்களுக்கு இல்லை."

"எனக்குத்தாங்க எழுதினா. என்னைக் கை காட்டினா."

"உங்களுக்கு எழுதணும்னா வேற காகிதமா கிடைக்கலை?"

கண்ணாடிக்காரரும் இதைத் தனக்குள் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்திருக்கிறார். அவள் எழுதிக் காட்டிய துண்டுக் காகிதங்களை எல்லாம் அவர் அன்றன்றே கசக்கிப் போட்டிருந்தார். மாத்திரை வேணும், ஜன்னலைச் சாத்துங்க, தலையணையை உசத்துங்க. அவ்வளவும் குப்பைக்குப் போனது. இந்த வீட்டில் யாரும் எந்தக் காலத்திலும் தூக்கிப் போடமாட்டார்கள் என்று அவள் நம்பிய காகிதம் ராஜாவுடையது ஒன்றுதான். இதைக் குழுவிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார்கள். விண்ணப்பம் அரசரின் பரிசீலனையில் இருக்கிறது. அவர் முடிவு தெரிவிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

"அவர் செத்து எத்தனையோ காலம் ஆச்சுங்களே" என்றார் கண்ணாடிக்காரர்.

"தாமதம் அதனாலதான்" என்றார் தலைமைக் காப்பாளர்.

காத்திருந்தார். வாரம் தவறாமல் காப்பகத்துக்குப் போய், காலுறை ராஜாவின் முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு காகித கனத்துக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள். கிட்டத்தில் பார்க்கவும் தூரத்தில் பார்க்கவும் ஊருக்கே கண்ணாடி போட்டுக் கொடுத்தவருக்கு இந்த ஒரு காகிதத்தின் அந்தப் பக்கத்தைப் பார்க்க வழி தெரியவில்லை. பின்னோக்கி நடந்து பழகிப்போய் இப்போதெல்லாம் படியில் விழுவதில்லை. வீட்டிலும் சில சமயம் அப்படியே நடந்தார்.

மகள் தொலைபேசியில் அழுதாள். "விட்டுடுங்கப்பா. அம்மா என்ன எழுதியிருக்கப் போறாங்க? உடம்பைப் பார்த்துக்குங்க, வேளைக்குச் சாப்பிடுங்கன்னு இருக்கும்."

"இருக்கும்மா. அதை அவ சொல்லிக் கேட்டுக்கறேன்."

கடைசியில் ஒருநாள் பதில் வந்தது. நெறிமுறை அதிகாரியே கடைக்கு வந்தார். தாம்பாளத்தில் வெல்வெட் விரித்து அதன்மேல் கொண்டுவந்திருந்தார். 'உமது மனைவியின் விண்ணப்பத்தை நாம் ஆழ்ந்து பரிசீலித்தோம். ஏற்பதற்கில்லை' என்று இருந்தது. அடியில் காலுறை ராஜாவின் கையெழுத்து, மை காயாமல்.

காப்பகத்தில் பதில் பிரிவு என்று ஒன்று உண்டு. செத்த ராஜாக்களுக்குப் பதிலாக அது பதில் எழுதி, அவர்கள் கையெழுத்தையும் போடும். போட்டவுடன் அதுவும் அரசர் கையெழுத்திட்ட மடலாகிவிடுகிறது, எனவே காப்பகத்தின் சொத்தாகிவிடுகிறது. சேகரிப்பு இப்படித்தான் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டிருந்தது. உயிரோடு இருந்தபோது சோம்பேறிகளாக இருந்த ராஜாக்கள்கூடச் செத்த பிறகு சுறுசுறுப்பாக எழுதித் தள்ளினார்கள். அதனால் கண்ணாடிக்காரர் படித்து முடித்ததும் அதிகாரி தாம்பாளத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "எப்ப வேணா வந்து பார்க்கலாம். முன்பக்கம்" என்றார்.

கண்ணாடிக்காரரோ சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காப்பகம் தொடங்கிய நாளிலிருந்து, நிராகரிக்கப்பட்டதற்காகச் சந்தோஷப்பட்ட மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஆழ்ந்து பரிசீலித்தோம் என்று போட்டிருக்கிறதே. பரிசீலிக்க வேண்டுமானால் யாராவது படித்திருக்க வேண்டும். படித்தவருக்கு நினைவிருக்கும். காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம். கடையைத் திறந்து போட்டபடி ஓடினார்.

பதில் பிரிவு காப்பகத்தின் அடித்தளத்தில் இருந்தது. ராஜாக்கள் யாரும் நிலையாகத் தங்காத அறை என்பதால் அங்கே நேராக நடக்கலாம். மேசை விளக்கின் கீழே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதில் எழுத்தர் அவள்தான். மேசையெல்லாம் ரப்பர் துகள்.

"நீங்க கடுதாசியைப் படிச்சீங்களாம்மா?" என்று கேட்டார் அவர். மூச்சு வாங்கியது.

"எந்தக் கடுதாசிங்க?"

"காலுறை ராஜா... குளிர்நாட்டு ராஜாவோடது. பின்பக்கம் பென்சில்ல எழுதியிருக்கும். விண்ணப்பம்னு சொல்லி நிராகரிச்சிருக்கீங்க."

"ஓ, அதுங்களா." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இங்க எதையும் படிக்கக் கூடாதுங்க. படிச்சா மனசு இளகி ஏத்துக்கிட்டாலும் ஏத்துக்குவோம்னு விதி போட்டிருக்காங்க. எல்லாத்துக்கும் ஒரே பதில்தான். அச்சடிச்சு வெச்சிருக்கோம், கையெழுத்து மட்டும் போடணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கு வரம் என்ன என்று பார்க்கவே அனுமதி இல்லை. கண்ணாடிக்காரர் அங்கிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். "பரவாயில்லைம்மா. நிராகரிச்சாச்சு இல்லையா. இனிமே அது ராஜாவுக்கு வேண்டாததுதானே. எனக்குக் காட்டுங்க."

அவள் மேசைமேல் இருந்த துகளைப் புறங்கையால் ஒதுக்கினாள். அவர் அந்தத் துகளைப் பார்த்தார்.

"நிராகரிச்ச விண்ணப்பம் ராஜா மேல இருக்கக் கூடாதுங்க. அழிச்சிடணும். நேத்தே அழிச்சாச்சு."

அவர் துகளிலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்கவே அவள் பயந்துபோய் மளமளவென்று சொன்னாள். "காகிதத்துக்கு ஒண்ணும் ஆகலைங்க. ரொம்ப மிருதுவான ரப்பர். ராஜாவை நிக்க வெச்சு, நான் பின்னாடி நின்னு, பூ மாதிரி அழிச்சேன்."

"நிக்க வெச்சா?"

"ஆமாங்க. குப்புறத்தான் போடக் கூடாது. நிக்க வைக்கலாமே."

"நிக்க வைக்கலாம்னு எனக்கு யாரும் சொல்லலையே" என்றார்.

"யாரும் கேட்டிருக்க மாட்டாங்க" என்றாள். அவள் ஏளனமாகச் சொல்லவில்லை; அங்கே நடப்பதைச் சொன்னாள்.

அவர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். பென்சில் போனாலும் அழுத்திய தடம் போகாது. அது அவருக்குத் தெரியும். "வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா பள்ளம் தெரியுமேம்மா?"

"தெரியாதுங்க. நானே தடவிப் பார்த்தேன். அழுத்தி எழுதவே இல்லை. கையில தெம்பில்லாதவங்க எழுதின மாதிரி இருந்தது."

தெம்பில்லைதான். அந்தக் கையை அவர்தானே பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. அந்தச் சின்ன அறையில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் எதிரே, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஒரு வார்த்தையாவது கண்ணுல பட்டிருக்காதா? அழிக்கும்போது?"

"அதுக்கும் விதி இருக்குங்க. கடைசி வரியில ஆரம்பிச்சு, வலமிருந்து இடமா, மேல அழிச்சுக்கிட்டே போகணும். அர்த்தம் சேரக் கூடாதுன்னு." சொல்லிவிட்டு அவள் சாத்திய கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "ஆனா, முதல் வார்த்தை கடைசியா தனியா நின்னுது. அது மட்டும் பட்டுடுச்சு. வெளியே சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."

"என்னம்மா வார்த்தை அது?"

"'என்னங்க'ன்னு இருந்ததுங்க."

அடுப்படியிலிருந்து அந்த வார்த்தை வரும். மொட்டைமாடியிலிருந்து வரும். அஞ்சலகத்தில் கூட்டத்துக்கு நடுவே, குடையை மறந்துவிட்டுப் போகிறவரின் முதுகைப் பார்த்து வரும். குரல் போன பிறகு அவள் கட்டிலின் இரும்பைக் கரண்டியால் தட்டித்தான் அவரைக் கூப்பிட்டாள். இப்போது ஒரு அந்நியப் பெண்ணின் வாயிலிருந்து அது வந்தது. ஆனால் அவர் காதில் விழுந்தது வேறு குரல்.

"சொல்லு" என்றார்.

தன்னைத்தான் கேட்கிறார் என்று எழுத்தர் நினைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதாங்க. வேற ஒண்ணும் நான் பார்க்கலை" என்றாள்.

அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி இன்னும் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார்.